தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில், இரண்டாம் மாடி

அந்தப் பல் லேப்பில் மூன்று அறைகள். முதல் அறையில் பிளாஸ்டர். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளில் மாவைக் கரைத்து ஊற்றித் தாடைகளை வார்ப்பார்கள். கடைசி அறையில் பாலிஷ். நடு அறை மெழுகுக்கு. அங்கேதான் அவள் உட்கார்ந்திருப்பாள். ரோஜா நிற மெழுகுத் தகட்டை விளக்கில் காட்டி இளக்கி, வெள்ளைத் தாடையின் மேல் ஈறு மாதிரிப் படியவைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நடுவது அவள் வேலை. எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருந்தது. அதைக் கணக்குப் பிரிவைத் தவிர யாரும் பயன்படுத்தியதில்லை.

கை சுத்தமான வேலைக்காரி. அவள் அடுக்கிய பல்செட்டை டாக்டர்கள் திருப்பி அனுப்புவது அபூர்வம். எப்போதாவது முதலாளி எட்டிப் பார்த்து, "அந்தப் பெரியவர் கண்ணாடி முன்னாடி நின்னு ரொம்ப நேரம் சிரிச்சாராம், டாக்டர் சொன்னார்" என்பார். "சரி சார்" என்பாள். பாராட்டினாலும் சரி, திட்டினாலும் சரி, அதே "சரி சார்" தான். திமிர் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். பழகினவர்களுக்குத் தெரியும், அவளுக்குள் எதுவும் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் நேரமாகும். சில விஷயங்கள் போய்ச் சேருவதே இல்லை.

அவள் வெளிநாடு போனது கல்யாணமான மறு வருடம். கணவர் கட்டட கான்ட்ராக்டர் ஒருவரிடம் வரைபடம் போடுகிறவர். இருவர் சம்பளமும் வந்தால் சீக்கிரம் தலைநிமிரலாம் என்று சேர்ந்து யோசித்துத்தான் முடிவெடுத்தார்கள். "ஒரே ஒரு கான்ட்ராக்ட், அப்புறம் வந்துடு" என்றார் அவர். அந்த ஒரு கான்ட்ராக்ட் முடிந்து இன்னொன்று வந்தது. பிறகு அங்கே அவள் வேலை பார்த்த லேப் மூடியது. அங்கிருந்தபடியே வேறொரு நாட்டில் இந்த லேப்பில் வேலை கிடைத்தது. பெட்டி ஒரு விமான நிலையத்தில் இறங்கி அடுத்த விமானத்தில் ஏறியது, அவ்வளவுதான். நடுவில் லீவில் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் வீட்டில் பாத்திரங்கள் இடம் மாறியிருந்தன.

அவர்கள் சண்டை போட்டதே இல்லை. ஒரு நாள் போனில் அவர் சொன்னார்: "நீ வராதேன்னு நான் சொல்லல. வந்தா என்ன பேசறதுன்னுதான் தெரியல." அவள் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. லீவு எடுத்துப் போய், கோர்ட் வராந்தாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கூப்பிட்டதும் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும், "சாப்பிட்டுப் போறியா?" என்று கேட்டார். "விமானத்துல தருவாங்க" என்றாள். அதோடு முடிந்தது.

முடியாதது ஒன்றே ஒன்று. கல்யாணமான புதிதில் அவள் ஒரு வங்கிக் கணக்கு திறந்திருந்தாள். அதன் முகவரி அந்த வீடு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில், இரண்டாம் மாடி. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்கினாள், காப்பீட்டில் மாற்றினாள். வங்கியில் மட்டும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு வேறு முகவரி வேண்டுமே. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. இருந்த ஒரே தம்பியும் இன்னொரு நாட்டில் வாடகை வீட்டுக்கு வாடகை வீடு மாறிக்கொண்டிருந்தான். அடுத்த லீவில் பார்க்கலாம் என்று விட்டாள். விட்டது விட்டதுதான்.

இந்த நாட்டில் அவளோடு அறையில் இருந்தவள் விமான நிலையத்தில் துப்புரவு மேற்பார்வை பார்ப்பவள். நல்ல வாயாடி. மெழுகக்காவின் கதையை இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கறந்துவிட்டாள். கேட்டுவிட்டு, "இனிமே அவர் பேரைச் சொல்லாதீங்க. முன்னாள்னு சொல்லுங்க போதும். முன்னாள் அமைச்சர், முன்னாள் மேயர் மாதிரி ஒரு மரியாதையாவும் இருக்கும்" என்றாள். அன்றிலிருந்து அந்த அறையில் அவர் முன்னாள் ஆனார்.

முன்னாள் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டது அவளுக்கு ஒரு கவரால்தான் தெரிந்தது. தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்திருந்தது: பூப்போட்ட மேசைவிரிப்பின் மேல் வங்கிக் கவர், அதில் அவள் பெயர். கீழே ஒரு செய்தி. "அக்கா, உங்க பேருக்குத் தபால் வந்திருக்கு. பிரிக்கல. அவர் போன்லேருந்து நம்பர் எடுத்தேன். நான் அவர் வீட்டுக்காரி. தையல் வேலை பண்றேன்."

பதில் எழுத அவளுக்கு ஒரு பகல் ஆனது. "தேவையில்லை. கிழிச்சுப் போட்டுடுங்க."

"பேர் எழுதியிருக்கே அக்கா. எப்படிக் கிழிக்கறது? எடுத்து வைக்கறேன்."

அறைத்தோழி இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "உலகத்துல எங்கேயாவது நடக்குமா இது? வந்தவ போனவளுக்குத் தபால்காரி!"

மெழுகக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது உதடு வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு கவர் வரும்போதெல்லாம் படம் வந்தது. சில நேரம் மேசைவிரிப்பின் மேல், சில நேரம் தைத்துக்கொண்டிருந்த துணியின் மேல். பள்ளிச் சீருடைகள்தான் நிறைய. ஊதாவும் வெள்ளையுமாய்க் கட்டங்கள். ஓரத்தில் ஊசி செருகிய சின்னப் பஞ்சுத்திண்டோ அளவு நாடாவோ தெரியும். "அக்கா, கவர்." அவள் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவாள். கவர் வராத மாதங்களில் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு தடவை கவர் இல்லாமலே ஒரு செய்தி வந்தது. "அக்கா, நல்லா இருக்கீங்களா?" அவள் அப்போது ஒரு கீழ்த்தாடையின் கடைசிப் பல்லை நட்டுக்கொண்டிருந்தாள். கையில் மெழுகு. சுண்டுவிரலால் கட்டைவிரல் படத்தை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

வருடங்கள் இப்படிப் போயிருந்தன. பிறகு வங்கியே அவளைத் தேட ஆரம்பித்தது. அட்டை காலாவதியாகப் போகிறது, புது அட்டை பதிவு செய்த முகவரிக்குத்தான் வரும், அதற்குமுன் முகவரியைச் சரிபார்க்க வேண்டும், சரிபார்க்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று செய்தி. அதே சமயம் அவள் விசாவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஊர் வங்கியின் கணக்கு விவரம் கேட்டார்கள், அதுவும் நடப்பு முகவரியோடு.

சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து வங்கிக்குப் போன் செய்தாள். இசை வந்தது. பிறகு ஒரு பெண் குரல்.

"சொல்லுங்க மேடம். இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

இருக்கிற இடத்தைச் சொன்னாள்.

"அந்த முகவரியை மாத்திக் கொடுத்துடலாமே மேடம். உங்க பேர்ல கரண்ட் பில், தண்ணி பில், ஏதாவது ஒண்ணு அனுப்புங்க."

"கம்பெனி ரூம்மா இது. பில் எல்லாம் கம்பெனி பேர்ல வரும்."

"அப்ப கம்பெனிகிட்ட லெட்டர் வாங்கிக்கலாம்."

"கம்பெனிக்கு தபால் பெட்டி எண்தான் இருக்கு."

"தபால் பெட்டி நாங்க எடுத்துக்கறதில்ல மேடம். நம்ம நாட்டுல நிரந்தர முகவரி?"

"உங்ககிட்ட இருக்கறதுதான்."

"அங்க இருக்கீங்களா?"

"இல்ல."

"யாரு இருக்காங்க?"

படியில் ஒருவர் பிளாஸ்டர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். "தெரிஞ்சவங்க" என்றாள்.

"சரி மேடம், தங்கற இடம் வேற, முகவரி வேற. உங்களுக்கு முகவரி எதுன்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க." குரலில் கோபமோ கிண்டலோ இல்லை.

தம்பியைக் கேட்டாள். அவன் உடனே சரி என்றான், மறுநாள் அவன் மனைவி பேசினாள். "தப்பா நினைக்காதீங்க அண்ணி. வீட்டுச் சொந்தக்காரர் வேற யார் பேரும் இந்த முகவரியில வரக்கூடாதுன்னு கறாரா சொல்லியிருக்கார்." தப்பாக நினைப்பதற்கு என்ன இருக்கிறது. லேப்பில் கடிதம் கேட்டாள். முதலாளி நல்ல மனிதர், கையோடு எழுதிக் கொடுத்தார். மேற்படி ஊழியர் கம்பெனி குடியிருப்பில் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறார் என்று அதில் இருந்தது. தற்காலிகம் என்ற சொல்லைக் காட்டி வங்கி திருப்பி அனுப்பியது. அந்தத் தற்காலிகத்தில் அவளுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

கடைசியில் பழைய முகவரியையே உறுதி செய்யச் சொல்லிவிட்டாள். அப்படியானால் எங்கள் ஆள் நேரில் போய்ப் பார்ப்பார் என்றது வங்கி. தையல்காரியிடம் சொல்லாமல் எப்படி? அன்றுதான் முதன்முறையாக அவள் தானே அந்த எண்ணைக் கூப்பிட்டாள். அதுவரை இருவரும் ஒருவர் குரலை மற்றவர் கேட்டதில்லை.

"அக்கா!" என்றாள் அந்தப் பக்கம். தையல் மெஷின் சத்தம் நின்றது.

விஷயத்தைச் சொன்னாள். "உங்களுக்குத் தொந்தரவா இருந்தா வேண்டாம். வீட்டுல கேட்டுச் சொல்லுங்க."

மெஷின் இரண்டு தையல் ஓடி நின்றது. பிறகு, "வரட்டும் அக்கா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் தையல்காரி கூப்பிட்டாள். மெழுகக்கா காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வேலை பார்த்தாள்.

"வந்தார் அக்கா. நடுத்தர வயசு ஆளு. மாடி ஏறி வந்ததுல மூச்சு வாங்கிச்சு, தண்ணி குடுத்தேன். உங்க பேரைச் சொல்லி, இங்க இருக்காங்களான்னு கேட்டார். வெளிநாட்டுல வேலை, முகவரி இதுதான்னு சொன்னேன். நீங்க யாருன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"தங்கச்சின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது, வாயில அதுதான் வந்துச்சு."

"ம்."

"வீட்டுக்காரர் பேர் கேட்டார், சொன்னேன். அவர்கிட்டயும் ஒரு கையெழுத்து வேணும்னார். அவர் இல்லைன்னு சொன்னேன்."

"வேலைக்குப் போயிருந்தாரா?"

"இல்லக்கா," என்றாள் தையல்காரி. "அவர் இல்லை."

மெழுகக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தியை விளக்கிலிருந்து நகர்த்தினாள்.

"எப்போ?"

"போன வருஷம். மழைக்கு முன்னாடி. ஆபீஸ்ல படம் போட்டுக்கிட்டு இருக்கும்போதே மேசைமேல சாஞ்சுட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள... உங்களுக்குச் சொல்லணும்னு தினமும் நினைப்பேன். எந்த முறையில சொல்றது? கவர் வந்தா கவர் வந்துச்சுன்னு சொல்லுவேன். இதை எங்க சேத்துச் சொல்றதுன்னு தெரியாம, ஒரு தடவ நல்லா இருக்கீங்களான்னு மட்டும் போட்டேன்."

"ஆமா," என்றாள் மெழுகக்கா. "பாத்தேன்."

போனை வைத்துவிட்டு எதிரே இருந்த தாடையைப் பார்த்தாள். மேல்வரிசையில் இன்னும் இரண்டு பல் நடவேண்டியிருந்தது. நட்டாள். மேலும் கீழும் கடிக்கவைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. சாயங்காலம் அறைக்குப் போனதும் துணி துவைத்துக் காயப்போட்டாள். அறைத்தோழி வந்து, "என்ன, முன்னாள் வீட்டுல சோதனை முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது. அவர் போயிட்டார்."

"எங்க போயிட்டார்?" என்று கேட்டவள், மெழுகக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிப் பிடித்து அழுதாள். அழுதது அறைத்தோழிதான். மெழுகக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, இந்த அழுகை தனக்கு வரவேண்டியதா, வந்தால் அது யாருடைய அழுகையாக இருக்கும் என்று யோசித்தாள். இப்போது அவள் அவர் மனைவி இல்லை. உறவென்று சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை கிடையாது. செத்த செய்தி, வங்கிச் சோதனைக்காரர் கேட்கப்போய், சுற்றி வளைத்து வருகிறது. அவள் தன் மனதைத் தொட்டுப் பார்த்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படி இருந்தது.

அதற்குள் வங்கியிலிருந்து இன்னொரு செய்தி. வீட்டின் உரிமையாளர் உயிரோடு இல்லாததால் அந்த முகவரியை ஏற்க முடியாது. வாடிக்கையாளர் நேரில் கிளைக்கு வரவேண்டும். சோதனைக்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார்.

மெழுகக்கா லீவு எழுதிக் கொடுத்தாள். ஹோட்டலில் அறை போடுவதாக இருந்தாள். தையல்காரி கேட்கவில்லை. "அக்கா, இங்க வராம எங்க போவீங்க?" என்றாள். அதில் வற்புறுத்தல்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டாள். அதனால்தான் மறுக்க முடியவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் புதுசாக வர்ணம் அடித்திருந்தார்கள். படிக்கட்டு அதே படிக்கட்டு, கைப்பிடி மட்டும் புதிது. கதவைத் திறந்தவள் மெழுகக்கா நினைத்ததைவிட வயதானவளாக இருந்தாள். ஒல்லியாக, கழுத்தில் அளவு நாடாவோடு. அவளும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். "பெட்டியைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

கூடம் முழுக்க சீருடைத் துணி. தையல் மெஷின் ஜன்னலோரம். முன்னாள் வரைபடம் போட்ட சாய்வு மேசையில் இப்போது அவள் துணி வெட்டுகிறாள். அதன் விளிம்பில் பென்சில் தீட்டிய கருமை அப்படியே இருந்தது. சுவரில் அவர் புகைப்படம். மெழுகக்காவுக்குத் தெரிந்த முகம்தான், கன்னம் மட்டும் சதை போட்டிருந்தது. முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதைச் சரி பண்ணித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர் கடைசிவரை பண்ணிக்கொள்ளவில்லை என்று படத்தில் தெரிந்தது.

சாப்பிடும்போது தையல்காரி மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். "இந்த வீடு அவர் அண்ணனுக்கும் சேர்ந்ததாம் அக்கா. விக்கப் போறாங்க. நான் காலி பண்ணணும்."

"நீங்க எங்க போவீங்க?"

"ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பாத்திருக்கேன். கீழ ஒரு அறையில கடை வெச்சுக்கலாம், மேல ஒரு அறையில இருந்துக்கலாம். சொந்தக்காரம்மாவுக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு. ஆனா மாசச் சம்பளக்காரங்க யாராவது கூடக் கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பேன்னு சொல்றாங்க. தையல்காரிக்கு எங்க சம்பளச் சீட்டு? அவர் அண்ணனைக் கேட்டேன். ஜோலி இருக்குன்னுட்டார்."

அவள் உதவி கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் இருவரும் வங்கிக்குப் போனார்கள். கிளை மேலாளர் ஒரு பெண். நடந்து வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் முழங்கால் வலி தெரிந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "இவங்க யாரு?" என்றார்.

"தங்கச்சி," என்று தையல்காரி சொல்வதற்குள் மெழுகக்கா சொல்லிவிட்டாள்.

மேலாளர் கணினியைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். இருவருக்கும் தாடையிலோ நெற்றியிலோ ஒரு சாயலும் இல்லை. அதைப்பற்றி அவர் கேட்கவில்லை. "பழைய முகவரி ஆகாது. புதுசு குடுங்க. உங்க பேர் போட்ட வாடகை ஒப்பந்தம் ஒண்ணு இருந்தா போதும், நான் இன்னிக்கே மாத்தித் தரேன். ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பேர் இருந்தாலும் பரவாயில்ல."

வெளியே வந்து பேருந்துக்கு நின்றார்கள். வெயில். ஒரு பேருந்து நிற்காமல் போனது. மெழுகக்கா கேட்டாள்: "அந்த வீடு எப்படி இருக்கும்?"

"சின்னதுதான் அக்கா. வெளிச்சம் வரும்."

"என் சம்பளச் சீட்டு பையில இருக்கு. போகலாமா?"

தையல்காரி தலையாட்டிவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் மெழுகக்காவுக்குப் புரிந்தது, அவள் பேச முடியாமல் வருகிறாள் என்று. தானும் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. "தபால் பெட்டி வெளியில இருக்கா, உள்ளயா?" என்று கேட்டாள். தையல்காரி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "பெட்டியே இல்லக்கா. கதவுக்குக் கீழ தள்ளிட்டுப் போவாங்க."

வீட்டுச் சொந்தக்காரம்மா மெழுகக்காவின் சம்பளச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். வங்கி மேலாளரைப்போல அவரும் கேட்டார்: "கூடப்பிறந்தவங்களா?"

"இல்ல," என்றாள் மெழுகக்கா. வங்கியில் சொன்னது வங்கிக்கு. இந்த அம்மாவோடு தையல்காரி நாளெல்லாம் இருக்கவேண்டியவள், பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம் என்று பட்டது. "இவங்க வீட்டுக்காரர் முதல்ல என் வீட்டுக்காரரா இருந்தார்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "அப்படியா," என்று மட்டும் சொல்லி, கையெழுத்துப் போடவேண்டிய இடங்களை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு டீ போட எழுந்தவர், சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "அந்த ஆளு குடுத்து வெச்சவர்தான், போங்க!"

அந்த வாரத்துக்குள் வங்கியில் முகவரி மாறியது. அட்டை கைக்கே கிடைத்தது. மீதி நாட்களில் வீடு காலி பண்ணினார்கள். பழைய கவர்களை எல்லாம் தையல்காரி மெஷின் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மெழுகக்கா ஒன்றைக்கூடப் பிரிக்காமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள். சாய்வு மேசையை அண்ணன் வந்து கேட்டார். "துணி வெட்ட வேணும், தர முடியாது" என்றாள் தையல்காரி. அவள் குரல் உயர்ந்து மெழுகக்கா கேட்டது அந்த ஒரு தடவைதான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையை மாடியிலிருந்து இறக்கினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் இருவரும் அதைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"அவர் எப்படி ஏத்தினார்?" என்று கேட்டாள் தையல்காரி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"காலைக் கழட்டிட்டு ஏத்தினோம்," என்றாள் மெழுகக்கா. "நானும்தான் பிடிச்சேன்."

மேசையின் கால்களைக் கழற்றினார்கள்.

புறப்படுவதற்கு முன்தினம் புது வீட்டில், துணி மூட்டைகளுக்கு நடுவே, தையல்காரி அவளை நிற்கச் சொன்னாள். "உங்க சட்டை தோள்ல இறங்கிக் கெடக்கு. யார் தைச்சாங்களோ. ஒண்ணு தைச்சுத் தரேன்."

"கடையில வாங்கினது. இது போதும்."

"நில்லுங்கக்கா."

நின்றாள். நாடா தோளிலிருந்து தோளுக்குப் போனது, கைக்குப் போனது, முதுகைச் சுற்றி முன்னால் வந்தது. அவளை ஒருவர் தொட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. அறைத்தோழி அழுதுகொண்டு கட்டிப் பிடித்ததைத் தவிர. இது அப்படியில்லை. அவசரமில்லாத, தொழில் தெரிந்த விரல்கள். நாடா குளிர்ந்தது.

"மூச்சைப் பிடிச்சுக்காதீங்க. விடுங்க. அப்பத்தான் அளவு சரியா வரும்."

விட்டாள். அளவெடுத்து முடிந்ததும் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்சம் களைப்புதான் வந்தது, நீண்ட பயணம் முடிந்த களைப்பு. தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு, "அவர் உங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசினதில்ல அக்கா" என்றாள்.

"நல்லதா?"

"அதுவும் பேசினதில்ல."

"பேசறதுக்கு அவருக்கு எப்பவும் வார்த்தை கிடைக்காது," என்றாள் மெழுகக்கா. "எனக்கும்தான்." பிறகு, "அவரோட உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

தையல்காரி சொல்ல ஆரம்பித்தாள். முன்னாளுக்கு உப்பு பிடிக்காமல் போனது, தூக்கத்தில் கணக்குச் சொல்வது, சாவியை எப்போதும் தேடுவது. மெழுகக்காவுக்குத் தெரிந்ததும் இருந்தது, தெரியாததும் இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கேயோ நடந்த, யாருக்கோ நடந்த ஒன்றைக் கேட்பதுபோலத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை.

விசா கிடைத்தது. இப்போதும் அவள் அந்த லேப்பின் நடு அறையில்தான் இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை லீவில் போகிறாள். புது வீட்டின் மேல் அறையில் அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டிருக்கிறது. மற்ற நாட்களில் தையல்காரி அதன்மேல் சீருடைகளை அடுக்கி வைப்பாள், மெழுகக்கா வருவதற்கு முன்தினம் எடுத்துவிடுவாள். போன தடவை விமான நிலையத்தில் டாக்சிக்காரர் எங்கே போகணும் என்று கேட்டபோது, மெழுகக்கா யோசிக்காமல் புது வீட்டின் தெருவையும் கதவு எண்ணையும் சொன்னாள். சொன்ன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வழியெல்லாம் கடைகளைப் பார்த்துக்கொண்டு போனாள்.